கல்லூரி அணியின் கணக்கு உங்கள் கைக்கு வந்தால்

எம்.எஸ். படிக்க அமெரிக்கா வரும் நம் பிள்ளைகள் வளாகத்துக்குள் வேலை தேடும்போது முதலில் போய் நிற்பது சாப்பாட்டுக்கூடத்தில், அடுத்து நூலகத்தில். மூன்றாவதாக ஒரு கதவு இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. அதுதான் அத்லெடிக்ஸ் அலுவலகம். படம் எடுக்க, ஸ்கோர் பதிய, இன்ஸ்டாகிராமில் போட, வலைத்தளத்தில் செய்தி எழுத என்று அங்கே ஆள் தேவை இருந்துகொண்டே இருக்கும். எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர்கள் வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம் வரை வளாகத்துக்குள் வேலை பார்க்கலாம். என்னுடைய 20 மணி நேரம் அங்கேதான் போனது. கூடைப்பந்தில் ஒரு பக்கம் ஐந்து பேர் ஆடுவார்கள் என்பதைத் தவிர வேறொன்றும் தெரியாமல் போய்ச் சேர்ந்தேன். புதிதாகச் சேருகிறவர்கள் என்னைப்போல் தடுமாறாமல் இருக்கத்தான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆட்டம் நடக்கும்போது போனை வைத்துக்கொண்டு பரபரப்பதுதான் இந்த வேலை என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைப்பார்கள். முக்கால்வாசி வேலை விசில் ஊதுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். முடிந்திருக்காவிட்டால் அன்று இரவு நீங்கள் படும் பாட்டை மொத்த ஊரும் பார்க்கும்.

முதலில், எந்த இடத்தில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள்

நம்மூரில் கல்லூரி அணி ஒரு கோப்பை வென்றால் நாளிதழில் நாலு வரி வரும், முதல்வர் கோப்பையைப் பிடித்தபடி நிற்கும் படம் நோட்டீஸ் போர்டில் ஏறும், அவ்வளவுதான். அமெரிக்காவில் கதையே வேறு. 2023 ஆகஸ்ட் 30 அன்று நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் பெண்கள் வாலிபால் ஆட்டத்தை லிங்கன் நகரின் ஃபுட்பால் (நம்மூர்க் கால்பந்து இல்லை, அமெரிக்கன் ஃபுட்பால்) மைதானத்தில் வைத்தார்கள். வந்த கூட்டம் 92,003 பேர். கல்லூரி வாலிபாலுக்கு!

கல்லூரி விளையாட்டில் பெரிய அமைப்பு என்.சி.ஏ.ஏ., அதாவது தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம். அதில் ஏறத்தாழ 1,100 கல்லூரிகள் மூன்று டிவிஷன்களாக இருக்கின்றன. முதல் டிவிஷனில் மட்டும் 350க்கு மேல். மூன்றாம் டிவிஷனில் விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப்பே கிடையாது. உங்கள் கல்லூரி எந்த டிவிஷன் என்று பார்த்தாலே உங்கள் வேலை எப்படி இருக்கும் என்பது பாதி தெரிந்துவிடும். தென் கரோலினாவின் கிளெம்சன் பல்கலைக்கழகம் போன்ற பெரிய இடத்தில் டிசைனர், வீடியோகிராபர், எடிட்டர் என்று ஒரு படையே இருக்கும். சிறிய கல்லூரியில் ஒரே ஆள் இருபது விளையாட்டையும் பார்ப்பார். அவரை எஸ்.ஐ.டி. என்பார்கள், அதாவது விளையாட்டுத் தகவல் இயக்குநர். 1957இல் தொடங்கிய அவர்களுடைய சங்கத்தின் பெயரில் நெடுங்காலம் ‘தகவல்’ என்ற சொல்தான் இருந்தது. 2022இல் அதை எடுத்துவிட்டு, ‘தொடர்பாளர்கள்’ என்று பொருள்படும் பெயரை வைத்துக்கொண்டார்கள். நிருபர்களுக்குப் புள்ளிவிவரம் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் இப்போது நேராக ரசிகரிடமே பேசுகிறார்கள்.

என்னைக் கேட்டால், கற்றுக்கொள்ளச் சிறிய கல்லூரிதான் நல்லது. பெரிய இடத்தில் ஒரு வருடம் முழுக்க ஒரே மாதிரி ஸ்கோர் அட்டை செய்துகொண்டிருப்பீர்கள்.

யாருக்காக எழுதுகிறோம் என்பதையும் இப்போதே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். படிக்கும் மாணவர்கள், பழைய மாணவர்கள், வீரர்களின் பெற்றோர், நன்கொடை தருபவர்கள், ஸ்பான்சர்கள். இவர்களோடு இன்னொரு கூட்டம் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டிருக்கும்: அடுத்த வருடமோ அதற்கடுத்த வருடமோ எந்தக் கல்லூரியில் சேரலாம் என்று யோசிக்கும் பள்ளிக்கூட வீரர்கள். கோச்சுக்குக் கவலையெல்லாம் இந்தக் கடைசிக் கூட்டத்தைப் பற்றித்தான்.

வலைத்தளம்தான் முதலில்

புதிதாக வருபவர்கள் எல்லாரும் இன்ஸ்டாகிராமுக்குத்தான் ஓடுவார்கள். நானும் ஓடினேன். என் மேலாளர் என்னைப் பிடித்து வலைத்தளத்தில் உட்காரவைத்தார்.

அணிகளின் தளம் பெரும்பாலும் கல்லூரியின் முதன்மைத் தளத்திலிருந்து பிரிந்து, தனிப் பெயரில் நிற்கும். மிச்சிகனுக்கு ‘எம்கோப்ளூ’, வட கரோலினாவுக்கு ‘கோஹீல்ஸ்’, அலபாமாவுக்கு ‘ரோல்டைட்’. அரங்கில் ரசிகர்கள் போடும் கோஷமும் அணியின் பட்டப்பெயருமே முகவரியாகிவிட்டன. சைடார்ம் என்ற நிறுவனம் கட்டித்தரும் தளங்களில்தான் ஏராளமான கல்லூரிகள் இயங்குகின்றன. அதனால் ஒரு கல்லூரியில் பழகிவிட்டால் இன்னொரு கல்லூரியில் திண்டாட வேண்டியதில்லை.

தளத்தில் நீங்கள் தினமும் தொடப்போவது மூன்று பக்கங்கள்.

ரோஸ்டர், அதாவது வீரர் பட்டியல். வீரரின் படம், உயரம், எந்த வகுப்பு, எந்த ஊர், எந்தப் பள்ளி என்று எல்லாம் இங்கே. மைக் பிடிப்பவருக்காகப் பெயரை எப்படி உச்சரிப்பது என்பதையும் பல கல்லூரிகள் எழுதி வைக்கும். இதை மட்டும் அலட்சியமாக விட்டுவிடாதீர்கள். சென்னையில் பிறந்த மகேஷ் பூபதி 1995இல் மிசிசிப்பி பல்கலைக்கழகத்துக்காக என்.சி.ஏ.ஏ. டென்னிஸ் இரட்டையர் பட்டம் வென்றவர். சென்னையில் வளர்ந்த சோம்தேவ் தேவ்வர்மன் 2007, 2008 இரண்டு வருடமும் வர்ஜீனியாவுக்காக ஒற்றையர் பட்டம் வென்றார். இன்றும் டென்னிஸ் ரோஸ்டர்களில் நம் பக்கத்துப் பெயர்கள் வருகின்றன. படிவத்தில் ‘கடைசிப் பெயர்’ என்று கேட்டால் நம் பிள்ளை அப்பா பெயரை எழுதிவிடும். பிறகு அரங்கம் முழுக்க அப்பாவைத்தான் அறிவிப்பார்கள். நாம் அங்கே இருந்தால் அந்தப் பிள்ளையிடம் போய், “உன்னை எப்படிக் கூப்பிட வேண்டும்?” என்று கேட்டுத் திருத்தலாம். என் முதல் உருப்படியான வேலை அதுதான்.

அட்டவணை. தேதி, எதிரணி, இடம், நேரம், டிக்கெட் இணைப்பு, நேரலை இணைப்பு, லைவ் ஸ்டாட்ஸ் (உடனுக்குடன் வரும் புள்ளிவிவரம்) இணைப்பு. இதில் நான் செய்த தவறைச் சொல்கிறேன். எங்கள் கல்லூரி மத்திய நேர மண்டலத்தில் இருந்தது. பெண்கள் கூடைப்பந்து அணி கிழக்கு மண்டலத்துக்கு ஆடப் போனது. எதிரணித் தளத்தில் 7 மணி என்று இருந்ததை அப்படியே எடுத்து எங்கள் தளத்தில் போட்டேன். எங்கள் ஊருக்கு அது 6 மணி. மறுநாள் காலை ஒரு வீராங்கனையின் பாட்டியிடமிருந்து மின்னஞ்சல் வந்திருந்தது. காபி போட்டுக்கொண்டு 7 மணிக்கு நேரலையைத் திறந்தாராம், மூன்றாவது குவார்ட்டர் ஓடிக்கொண்டிருந்ததாம். முதல் பாதியில்தான் பேத்தி 14 புள்ளி எடுத்திருந்தாள். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

செய்தி. ஆட்டம் முடிந்த அரை மணிக்குள் ரீகேப், அதாவது ஆட்டத்தைச் சுருக்கிச் சொல்லும் செய்தி, ஏற வேண்டும். முதல் வாக்கியத்தில் யார் வென்றார்கள், எத்தனைக்கு எத்தனை என்பது இருக்க வேண்டும். ‘அனல் பறந்த ஆட்டத்தில்’ என்றெல்லாம் தொடங்க வேண்டாம். இரண்டாம் பத்தியில் ஆட்டம் எங்கே திரும்பியது என்பதும், கடைசி வரியில் அடுத்த ஆட்டம் எப்போது என்பதும் இருக்கட்டும். புள்ளிகளை நீங்கள் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். மைதான ஓரத்தில் ஒருவர் லைவ்ஸ்டாட்ஸ் மென்பொருளில் ஒவ்வொரு அசைவையும் தட்டிக்கொண்டிருப்பார், பாக்ஸ் ஸ்கோர் (யார் எத்தனை எடுத்தார்கள் என்ற அட்டவணை) அதிலிருந்தே தளத்துக்கு வந்துவிடும். ஆனால் உங்கள் கட்டுரையில் இருக்கும் எண்ணும் பாக்ஸ் ஸ்கோரில் இருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று பார்ப்பது உங்கள் பொறுப்பு.

தளத்துக்கு இவ்வளவு மெனக்கெடக் காரணம் உண்டு. சமூக ஊடகம் அடுத்தவர் இடம். டெக்சாஸ் உட்படப் பல மாநிலங்கள் அரசு வலையமைப்புகளில் டிக்டாக்கைத் தடுத்தபோது, 2023 ஜனவரியில் டெக்சாஸ் பல்கலைக்கழக வளாகத்தின் வைஃபையிலும் அது நின்றுபோனது. தளம் மட்டும் எப்போதும் கல்லூரியின் கையில் இருக்கும். டிக்கெட் விற்பதும் நன்கொடை வாங்குவதும் பள்ளி வீரர்கள் நிரப்பும் படிவமும் அங்கேதான். ஊடகத்தில் நீங்கள் என்ன கூத்தடித்தாலும் ஆள் கடைசியில் வந்து சேர வேண்டிய இடம் அந்தப் பக்கம்.

கணக்குகள்: எதில், யாருக்கு, யார் கையில்

2001இல் ஒரிகன் பல்கலைக்கழகம் தன் ஃபுட்பால் அணியின் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) ஜோயி ஹாரிங்டனுக்கு, சிறந்த கல்லூரி ஃபுட்பால் வீரருக்கான ஹைஸ்மன் விருது கிடைக்க வேண்டும் என்று நியூயார்க் நகரின் நடுவே ஒரு ராட்சத விளம்பரப் பலகை வைத்தது. செலவு 2,50,000 டாலர். விருது கிடைக்கவில்லை, நான்காவதாக வந்தார். ஆனால் நாடே அந்தப் பலகையைப் பற்றிப் பேசியது. இன்று அதே வேலையைப் பத்தொன்பது வயது மாணவர் ஒருவர் விடுதி அறையில் உட்கார்ந்து செய்கிறார். 2011இல் மிசிசிப்பி ஸ்டேட் தன் ஃபுட்பால் மைதானத்தின் கோடியில் இருக்கும் எண்ட் ஜோனில் ‘ஹெயில்ஸ்டேட்’ என்ற ஹேஷ்டேக்கைப் பெயின்ட்டால் எழுதிவைத்தது. டிவியில் பார்த்தவர்கள் போனை எடுத்தார்கள். பலகையிலிருந்து போனுக்கு வர பத்தே வருடம்.

எந்தத் தளத்தில் யார் இருக்கிறார்கள் என்பது ஒரு மாதம் பார்த்தால் உங்களுக்கே பிடிபடும். ஃபேஸ்புக்கில் பெற்றோரும் பழைய மாணவர்களும். எக்ஸில் நிருபர்களும் ஸ்கோர் பைத்தியங்களும். இன்ஸ்டாகிராமில் மாணவர்களும் பள்ளி வீரர்களும். டிக்டாக்கில் உங்கள் கல்லூரி பெயரையே கேள்விப்படாதவர்கள். ஒரே படத்தை ஒரே வரியோடு நான்கு இடத்திலும் ஒட்டுவது சோம்பேறித்தனம். எல்லாரும் செய்கிறார்கள், நானும் செய்திருக்கிறேன், ஒரு தடவைகூட எடுபட்டதில்லை.

புதுக் கணக்கு தொடங்குவதற்கு முன் இரண்டு விஷயம். ஒன்று, எல்லாத் தளத்திலும் ஒரே ஹேண்டில் (கணக்குப் பெயர்) இருக்கட்டும். இரண்டு, கடவுச்சொல் சம்பளம் வாங்கும் நிரந்தர ஊழியர் இருவரிடமாவது இருக்க வேண்டும், கணக்கு அலுவலக மின்னஞ்சலில் இருக்க வேண்டும். ஒரு கல்லூரியில் டென்னிஸ் அணிக்கான கணக்கை ஒரு மாணவர் தன் சொந்த மின்னஞ்சலில் தொடங்கி, மே மாதம் பட்டம் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். அடுத்த பருவம் முழுக்க அந்தக் கணக்கு பழைய கோச்சின் படத்தோடு அனாதையாக நின்றது.

உங்கள் சொந்தக் கணக்கும் அணியின் கணக்கும் ஒரே போனில் இருந்தால் ஒவ்வொரு முறையும் எதில் நிற்கிறோம் என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். ஏன் என்று விளக்க வேண்டியதில்லை.

ஆட்ட நாள்

மாலை 7 மணி ஆட்டம் என்று வைத்துக்கொள்வோம். முந்தின நாளே இவை தயாராக இருக்க வேண்டும்: ஆட்ட அறிவிப்புப் படம், தொடக்க ஐவருக்கான அட்டை, பாதி நேர ஸ்கோர் அட்டை, இறுதி ஸ்கோர் அட்டை. இறுதி அட்டையில் இரண்டு வகை வேண்டும், ஜெயித்தால் ஒன்று, தோற்றால் ஒன்று. தோற்றதற்கான அட்டையைச் செய்யும்போது கைக்கு ஒரு கூச்சம் இருக்கும், அபசகுனம் போல. செய்துதான் ஆக வேண்டும். வென்ற அட்டையில் வீரர் கையை உயர்த்திக் கத்துவார். அதையே 30 புள்ளி வித்தியாசத்தில் தோற்ற இரவில் போட முடியாது. தோற்ற அட்டை எளிமையாக இருக்கட்டும்: ஸ்கோர், அடுத்த ஆட்டத் தேதி, முடிந்தது.

எதிரணியின் லோகோவை அவர்கள் தளத்திலிருந்து இன்றைய வடிவத்தில் எடுங்கள். கூகுளில் முதலில் வருவது பழைய லோகோவாக இருக்கும். எங்கள் டிசைனர் ஒருமுறை அப்படிப் போட்டு, கருத்துப் பகுதியில் எதிரணி ரசிகர்களிடம் செமத்தியாக வாங்கினார்.

5:30க்கு அரங்கத்துக்குப் போய்விடுங்கள். வைஃபை வேலை செய்கிறதா என்று பாருங்கள், கூட்டம் வந்தபின் அது படுத்துவிடும். பஸ்ஸிலிருந்து இறங்கும் வீரர்கள், ஷூ கயிறு கட்டும் கை, காலி இருக்கைகள், பாப்கார்ன் என்று சின்னச் சின்னதாக எடுத்து வையுங்கள். ஆட்டம் தொடங்கியதும் ஒவ்வொரு கூடைக்கும் பதிவு போடாதீர்கள். அதற்குத்தான் லைவ் ஸ்டாட்ஸ் இருக்கிறது. பாதி நேரம், பெரிய தருணம் ஒன்றிரண்டு, முடிவு. கடைசி வினாடியில் பந்து கூடைக்குள் விழுந்து அரங்கமே எழுந்து கத்தும்போது உங்கள் விரலும் துடிக்கும். நடுவர்கள் ரீப்ளே பார்க்கப் போகிறார்களா என்று நிமிர்ந்து பாருங்கள். போனால் காத்திருங்கள். ரத்தான கூடைக்கு வெற்றி அறிவித்த கணக்கு என்ற பெயர் ஒருமுறை வந்தால் அந்த ஸ்க்ரீன்ஷாட் வருடக்கணக்கில் சுற்றும்.

கணக்குக்கு ஒரு குரல் வேண்டும். இதற்கு நான் எப்போதும் காட்டும் உதாரணம் யு.எம்.பி.சி., மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுண்டி வளாகம். சதுரங்கத்துக்குப் பேர் போன இடம், அணியின் சின்னம் ஒரு ரெட்ரீவர் நாய். 2018 மார்ச் 16 அன்று சார்லட் நகரில், என்.சி.ஏ.ஏ. ஆண்கள் கூடைப்பந்துப் போட்டியின் முதல் சுற்றில், தரவரிசையில் கடைசியான 16ஆம் தர அணியாக இறங்கி, முதல் தர அணியான வர்ஜீனியாவைச் சந்தித்தார்கள். அந்தப் போட்டியில் அதுவரை முதல் தர அணிகள் 16ஆம் தர அணிகளிடம் ஒரு தடவைகூடத் தோற்றதில்லை, 135க்கு 135. பாதி நேரத்தில் 21–21. முடிவில் 74–54, யு.எம்.பி.சி. வென்றது. ஆட்டம் முழுக்க அவர்கள் ட்விட்டர் கணக்கு நாட்டையே சிரிக்கவைத்துக்கொண்டிருந்தது. வர்ஜீனியாதான் ஜெயிக்கும் என்று பூட்டுப் படம் போட்டிருந்த ஒரு பிரபல விமர்சகரை அது சும்மா விடவில்லை. சில ஆயிரம் பேர் பின்தொடர்ந்த கணக்கு ஓரிரு நாளில் ஒரு லட்சத்தை நெருங்கியது.

பலர் இதைப் பார்த்து, கிண்டலடித்தால் கூட்டம் சேரும் என்று எடுத்துக்கொண்டார்கள். எனக்குத் தோன்றுவது வேறு. அந்தக் கிண்டல் சிறியவன் பெரியவனைப் பார்த்து அடித்தது, அதிலும் பாதி தன்னையே கேலி செய்துகொண்டது. அதனால்தான் இனித்தது. அதே வரிகளை வர்ஜீனியா யு.எம்.பி.சி.யைப் பார்த்துப் போட்டிருந்தால் மறுநாள் மன்னிப்பு அறிக்கைதான். எதிரணியில் ஆடுபவரும் பத்தொன்பது வயதுப் பிள்ளை என்பதை நினைவில் வையுங்கள்.

கையைக் கட்டும் விதிகள்

இந்தப் பகுதி அலுப்பாக இருக்கும், ஆனால் வேலை போவது இங்கேதான். ஒவ்வொரு கல்லூரியிலும் கம்ப்ளையன்ஸ் அலுவலகம் என்று ஒன்று உண்டு, விதிப்படி நடக்கிறோமா என்று பார்ப்பவர்கள். விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். சந்தேகம் வந்தால் பதிவு போடுவதற்கு முன் அவர்களிடம் கேளுங்கள்.

பள்ளி வீரர்கள் விஷயம் முதலில். ஒரு பள்ளி வீரர் கல்லூரியைப் பார்க்க வந்திருக்கிறார், ஜெர்சி போட்டுப் படம் எடுத்துக்கொள்கிறார், “இங்கேதான் சேரப்போகிறேன்” என்று தன் கணக்கில் போடுகிறார். உடனே “வாழ்த்துகள்!” என்று அணிக் கணக்கிலிருந்து எழுதத் தோன்றும். எழுதக் கூடாது. 2016 ஆகஸ்டில் என்.சி.ஏ.ஏ. விதியைத் தளர்த்தி, கோச்சுகளும் ஊழியர்களும் லைக் போடலாம், பகிரலாம் என்றது. அந்த வீரர் கல்லூரியில் சேரக் கையெழுத்திடும் முன் கருத்து எழுதும் உரிமையை மட்டும் தரவில்லை. ‘கிளிக் செய், டைப் செய்யாதே’ என்று எங்கள் மேஜையில் ஒட்டியிருந்தது.

இசை அடுத்தது. ரீல்ஸில் ட்ரெண்டாகும் பாட்டைத் தனி மனிதர் போடுவதும் ஒரு பல்கலைக்கழகம் தன் அணியை விளம்பரப்படுத்தப் போடுவதும் ஒன்றல்ல. தன் பாடல்களை உரிமம் இல்லாமல் விளையாட்டு வீடியோக்களில் பயன்படுத்தியதாகச் சோனி மியூசிக் 2025 மார்ச்சில் தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் மீது வழக்குத் தொடுத்தது. கல்லூரி உரிமம் வாங்கியிருக்கும் இசைத் தொகுப்பு எது என்று முதல் வாரமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

காயம் பற்றி நீங்களாக எதுவும் போட வேண்டாம். அது வீரரின் மருத்துவ விவரம்.

பிறகு என்.ஐ.எல்., அதாவது வீரரின் பெயர், படம், சாயல் மீதான உரிமை. 2021 ஜூலை 1 முதல் கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்று ஆனது. அதிலிருந்து நம் வேலையும் மாறிவிட்டது. பல இடங்களில் அணிக் கணக்கைவிட ஒரே ஒரு வீராங்கனையின் கணக்குப் பெரிது. எனவே நாம் எடுக்கும் நல்ல படங்களை ஆட்டம் முடிந்த கையோடு வீரர்களின் போனுக்கே அனுப்பிவைக்கிறோம், அவர்கள் போட்டால் நமக்கும் லாபம். இதற்கென்றே செயலிகள் இருக்கின்றன. இதில் நம் பிள்ளைகள் கவனிக்க வேண்டியது ஒன்று: எஃப்-1 விசாவில் ஆடும் வெளிநாட்டு வீரர் விளம்பரப் பணம் வாங்கினால் விசாவுக்கே சிக்கல் வரலாம். “ஒரு போஸ்ட்தானே” என்று ஆரம்பிக்கும் முன் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேட்டுவிடச் சொல்லுங்கள்.

கடைசியாக டைட்டில் 9. கல்வி நிலையங்களில் பால் பாகுபாடு கூடாது என்ற 1972ஆம் ஆண்டுச் சட்டம் இது. விளையாட்டில் சமத்துவம் இருக்கிறதா என்று பார்க்கும்போது மைதானம், பயண வசதி இவற்றோடு விளம்பரத்தையும் ஒரு அளவாகச் சேர்த்துப் பார்க்கிறார்கள். ஆண்கள் அணிக்கு வீடியோ, பெண்கள் அணிக்கு ஒரு வரி என்று இருந்தால் அது சட்டப் பிரச்சினை. சட்டத்தை விடுங்கள், கணக்குப் போட்டாலும் அது முட்டாள்தனம். 2023 அக்டோபரில் கூடைப்பந்து நட்சத்திரம் கெய்ட்லின் கிளார்க்கின் ஐயோவா பல்கலைக்கழகப் பெண்கள் அணி ஃபுட்பால் மைதானத்தில் ஆடிய ஆட்டத்துக்கு 55,646 பேர் வந்தார்கள். 2024 என்.சி.ஏ.ஏ. பெண்கள் கூடைப்பந்து இறுதியாட்டத்தை அமெரிக்காவில் 1 கோடியே 80 லட்சத்துக்கும் மேற்பட்டோர் டிவியில் பார்த்தார்கள். ஆண்கள் இறுதியாட்டத்தைப் பார்த்தவர்கள் அதைவிடக் குறைவு.

எதை எண்ணுவது

மாதக் கடைசியில் அறிக்கை கேட்பார்கள். லைக் எண்ணிக்கையை மட்டும் அடுக்கிக் கொடுக்காதீர்கள், தலைமை அதிகாரிக்கு அதில் ஆர்வம் இல்லை. எத்தனை பேர் இணைப்பைத் தட்டி டிக்கெட் பக்கத்துக்கு வந்தார்கள், எத்தனை பேர் வாங்கினார்கள், எத்தனை பள்ளி வீரர்கள் படிவம் நிரப்பினார்கள், ஸ்பான்சர் பெயர் போட்ட பதிவு எத்தனை பேர் கண்ணில் பட்டது என்று கொடுங்கள். ஒரு நாய்க்குட்டி வீடியோ ஐயாயிரம் லைக் வாங்கி ஒரு டிக்கெட்கூட விற்காமல் போகும். பேருந்து எங்கே நிற்கும், கார் எங்கே நிறுத்தலாம் என்று போட்ட சப்பைப் பதிவு நாற்பது டிக்கெட் விற்றுக் கொடுக்கும்.

உள்ளே நுழைவது எப்படி

ஆகஸ்டில் போங்கள். அப்போதுதான் வாலிபாலும் கால்பந்தும் தொடங்கும், ஆள் இல்லாமல் தவித்துக்கொண்டிருப்பார்கள். ஃபுட்பால் வேண்டும் என்று கேட்காதீர்கள், அந்த வரிசை நீளம். யாரும் போகாத கிராஸ் கண்ட்ரி, நீச்சல், டென்னிஸ் எது கிடைத்தாலும் எடுங்கள். கேமரா இல்லாவிட்டால் போனில் பத்துப் படம் எடுத்து, ஒரு ரீகேப்பும் எழுதிக் கொண்டுபோய்க் காட்டுங்கள். ரெஸ்யூமே கடைசியில் பார்த்துக்கொள்வார்கள்.

சேர்ந்தபின் முதல் நாளே அட்டவணைப் பக்கத்தைத் திறந்து, வெளியூர் ஆட்டங்களின் நேரத்தை ஒவ்வொன்றாக எதிரணித் தளத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பேரப்பிள்ளையின் ஆட்டத்துக்காகக் காபியோடு உட்காரும் பாட்டி ஒருவர் உங்கள் கல்லூரிக்கும் இருப்பார்.